நின்ற இடத்தில் ஓடிய வண்டி

786

கீழ அரசவனம்,
குடவாசல் வழி, தஞ்சை ஜில்லா.
14-6-1974, வெள்ளி

அன்பு மச்சான் ஜெய்னுலாபுதீன் அவர்களுக்கு, கமருன்னிஸா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் வீடும் ஆடுகளும் சுகம். நாகப்பட்டினத்தில் நம் மகள் நூர்ஜஹானும் மருமகன் மீரா உசேனும் சுகம். பேரன் தவழ ஆரம்பித்துவிட்டான், கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிறானாம். உங்கள் சுகத்தைப் புரிகிற எழுத்தில் எழுதவும். போன கடிதத்தில் பாதி கோழி கிளறிய மாதிரி இருந்தது. நான் ஐந்தாவதுதான் படித்தேன். ஆனாலும் என் சிலேட்டைத் தூக்கிக் காட்டித்தான் வாத்தியார் மற்றப் பிள்ளைகளை எழுதச் சொல்வார். இந்தத் தெருவில் ஆம்பிளை வெளிநாடு போன சபுராளி வீட்டுப் பெண்கள் எல்லாரும் பள்ளிவாசல் லெப்பை வீட்டுக்குப் போய்ச் சொல்லி எழுதி வாங்குகிறார்கள். என் கடிதம் என் கையால்தான். அதனால் கோபமாகவும் எழுதலாம், யாருக்கும் தெரியாது.

இப்போது கோபம் இல்லை. கவலைதான். புல்லட் சரியில்லை.

குவைத் போக நீங்கள் பம்பாய்க்கு ரயிலேறின அன்றைக்கு என்ன சொல்லிவிட்டுப் போனீர்கள்? "மிராசுதார் ஏஜெண்டு துரைராசு வியாழக்கிழமை தவறாமல் வருவான். நான் ஊரில் இல்லை என்று தெரிந்தால், உழுகிறவன் இல்லை, குத்தகையும் இல்லை என்று பத்து மா நிலத்தையும் பிடுங்கிவிடுவார்கள். அவன் வருகிற நேரத்துக்குக் கொல்லையில் வண்டியைக் கிளப்பி விடு. வண்டி வேலையாக இருக்கிறேன் என்று சொல். கோஷா வீட்டுக் கொல்லைக்குள் எந்த ஆம்பிளையும் எட்டிப் பார்க்க மாட்டான்." இரண்டு வருஷமாக அப்படியே செய்கிறேன். ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் எல்லாரும் அதே மிராசுதார் வாஞ்சிநாதையர் நிலத்தில் குத்தகைக்காரர்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அவர் வாசலில் நின்று, "என்னம்மா, பாய் இருக்காரா?" என்பார். நான் கதவுக்குப் பின்னால் இருந்து, "இருக்காங்க, கை பூரா கிரீசு" என்பேன். கொல்லையில் அமிர்தம் உதைப்பாள். எனக்கு அந்தக் கிக்கரை மிதிக்கக் கனம் போதாது. அமிர்தத்தினுடையது நடவுக்காரி கால், ஒரே உதை. டப் டப் என்று உங்கள் வண்டி பேச ஆரம்பித்ததும் அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்.

நேற்று உதைத்தாள். கறுப்புப் புகை. கொஞ்சம் ஓடியது, இருமியது, நின்றது. கீழே பெட்ரோல் சொட்டுகிறது. பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி. துரைராசு வாசலிலேயே நின்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "பாயோட வண்டிக்கு ஜலதோஷம் போல" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விளக்கமாக எழுதுங்கள். எப்போது வருகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஆற்றில் இன்னும் தண்ணீர் வரவில்லை. குறுவை போனது போனதுதான், இந்த வருஷம் சம்பா ஒரு போகம். எழுத்து கொஞ்சம் நடுங்கியிருக்கும். நெல் குத்திக் குத்தி விரலெல்லாம் கொப்புளித்துப்போய்விட்டது.

உங்கள் கமருன்னிஸா

*

குவைத்,
2-7-1974

அன்புள்ள கமருவுக்கு, ஜெய்னுலாபுதீன் எழுதுவது. வஅலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதம் கிடைத்தது. எழுத்து அச்சடித்த மாதிரிதான் இருக்கிறது, நடுக்கம் ஒன்றும் காணோம்.

பயப்படாதே. இது கார்புரேட்டர். கறுப்புப் புகை, கறுப்புப் பிளக், பெட்ரோல் சொட்டு, மூன்றும் சேர்ந்தால் வேறு எதுவும் இல்லை. பெட்ரோல் அளவுக்கு மேல் இறங்குகிறது. கார்புரேட்டருக்குப் பக்கத்தில் கிண்ணம் மாதிரி ஒரு அறை இருக்கும். அதற்குள் பித்தளை மிதவை ஒன்று. பெட்ரோல் நிறைந்ததும் மிதவை மேலே வந்து ஊசியைத் தூக்கி வழியை அடைக்கும். மிதவை மூழ்கினால் வழி அடையாது, அவ்வளவுதான். வாய்க்கால் மதகு மாதிரி என்று வைத்துக்கொள்.

பெட்ரோல் குழாயை மூடிவிட்டுக் கிண்ணத்தின் மூடியைத் திற. மிதவையை எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டிப் பார். இளநீர் ஆடுகிற மாதிரி உள்ளே சத்தம் கேட்டால் எங்கேயோ ஓட்டை. ஓட்டையை ஈயம் வைத்து மூட வேண்டும். ஈயம் அதிகம் வைக்கச் சொல்லாதே, கனம் கூடினால் மறுபடியும் மூழ்கும். வேலை செய்யும்போது பக்கத்தில் அடுப்பு வேண்டாம், பீடி குடிக்கிற ஆளும் வேண்டாம்.

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பெட்ரோல் தண்ணீரைவிட மலிவு. லாரிகள் வரிசையில் நிற்கின்றன. "உஸ்தாத், உஸ்தாத்" என்று மலையாளத்துப் பையன்களும் பட்டாணிகளும் என்னைச் சுற்றித்தான் நிற்கிறார்கள். அக்ரிமெண்ட் முடிகிற நேரம். முதலாளியிடம் கேட்டுச் சொல்கிறேன்.

பேரனுக்கு முத்தம்.

ஜெய்னுலாபுதீன்

*

கீழ அரசவனம்,
25-7-1974

அன்பு மச்சான் அவர்களுக்கு, ஸலாம். அங்கே பெட்ரோல் தண்ணீரைவிட மலிவு என்று எழுதியிருந்தீர்கள். இங்கே இரண்டுமே கிடையாது.

நீங்கள் சொன்னபடி மிதவையை எடுத்து ஆட்டினேன். உள்ளே தளும்பியது! எனக்கு ஒரே சந்தோஷம், அமிர்தத்தின் காதிலும் ஆட்டிக் காட்டினேன். அவள், "அக்கா, இது புள்ளத்தாச்சி மிதவை" என்றாள். உள்ளே இருந்த பெட்ரோல் ஆவியாகிப் போக வெந்நீரில் போட்டுவைத்தோம். குமிழி விட்டு ஓட்டை எங்கே என்று தானே காட்டிக் கொடுத்தது. இதை நீங்கள் எழுதவில்லை, நானாக யோசித்தேன். குடவாசல் சந்தைக்கு வருகிற ஈயம் பூசுகிறவரிடம் அமிர்தம் கொண்டு போனாள். என்ன சாமான் என்று கேட்டதற்கு, பேரன் விளையாடுகிற கிலுகிலுப்பை என்று சொல்லி ஓட்டையை அடைத்து வாங்கி வந்தாள்.

சொட்டு நின்றது. கறுப்புப் புகையும் போனது. அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் வண்டி சரியாகவில்லை, மச்சான். விடிகாலையில் ஆறியிருக்கும்போது உதைத்தால் கிளம்புகிறது. சூடானதும் சைலன்சரில் பட் பட் என்று வெடி வெடிக்கிறது. குரல் இறங்கிக்கொண்டே வந்து நின்றுவிடுகிறது. சூட்டில் நின்றால் மறுபடி கிளம்பவே கிளம்பாது. இன்னொன்று. முன்பெல்லாம் உதைத்தால் கிக்கர் எதிர்த்துத் தள்ளும், அமிர்தத்தின் கணுக்கால்கூட ஒருமுறை வீங்கியதே. இப்போது அவள் சொல்கிறாள்: "எதுக்கவே இல்லைக்கா, சேத்துல கால் வச்ச மாதிரி சொதக்குனு இறங்குது."

அக்ரிமெண்ட் முடிகிறது என்றீர்கள். முடிந்தால் வர வேண்டியதுதானே, முதலாளியிடம் கேட்க என்ன இருக்கிறது? துரைராசு ஊரில் சொல்லிக்கொண்டு திரிகிறார், வாஞ்சிநாதையர் பிள்ளைகள் மெட்ராசிலிருந்து வந்து சொந்தச் சாகுபடி பண்ணப் போகிறார்களாம். ஏர் எந்தப் பக்கம் பூட்டுவது என்று தெரியாத பிள்ளைகள். கழக ஆட்சி வந்து குத்தகைக்காரனை எழுப்பக் கூடாது என்று சட்டம் போட்ட பிறகு, சட்டத்தில் எங்கே பொத்தல் என்று தேடுவதே இவர்களுக்கு வேலையாகிவிட்டது. நம் பொத்தல் நீங்கள்தான்.

கமருன்னிஸா

*

குவைத்,
14-8-1974

அன்புள்ள கமருவுக்கு, ஸலாம்.

மிதவையை வெந்நீரில் போட்டாயா! இங்கே பையன்களிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன். என் பெண்டாட்டி எனக்கு மேல் உஸ்தாத் என்று.

நீ எழுதிய மற்றதும் கார்புரேட்டர்தான். இத்தனை நாள் தொட்டியில் கிடந்த பெட்ரோலில் துருவும் கசடும் இருக்கும். ஜெட் அடைத்திருக்கும். ஜெட் என்பது பித்தளைத் திருகாணி, நடுவில் மயிரிழை ஓட்டை. கம்பி விட்டுக் குத்தாதே, வாயால் ஊது. கார்புரேட்டர் எஞ்சினோடு சேருகிற இடத்தில் உள்ள அட்டைப் பாக்கிங்கையும் மாற்று. அதில் காற்றுத் திருடினால் வெடி வரும். பழைய காலண்டர் அட்டையை அளவுக்கு வெட்டி, சோப்புத் தடவி வை. புதுப் பிளக் ஒன்று வாங்கிக்கொள்.

உதை லேசாக இருப்பதைப் பற்றி அமிர்தம் சொன்னதை விட்டுத் தள்ளு. பழகிய கால், அப்படித்தான் தோன்றும். வால்வு பக்கம் கையே வைக்காதே. புறப்படுவதற்கு முன் நானே செட் பண்ணியது. பத்து வருஷத்துக்கு அசையாது.

முதலாளி இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார். தனி ஒர்க்‌ஷாப்பே என் பொறுப்பில் விடுவாராம். ஒன்றும் முடிவு பண்ணவில்லை. நீ மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே.

ஜெய்னுலாபுதீன்

*

கீழ அரசவனம்,
9-9-1974

மச்சான் அவர்களுக்கு, ஸலாம்.

ஜெட்டை ஊதினேன், வாயெல்லாம் பெட்ரோல் நாற்றம். அட்டை வெட்டினேன், காலண்டரில் ஆவணி மாதம் போய்விட்டது. பிளக் புதிது. காற்றைக் கூட்டிக் குறைக்கிற திருகாணியை ஒரு சுற்றுக் கூட்டியும் பார்த்தேன், குறைத்தும் பார்த்தேன். நீங்கள் சொன்னது, சொல்லாதது எல்லாம் பண்ணியாகிவிட்டது. வெடி நிற்கவில்லை.

போன வியாழக்கிழமை துரைராசு வந்தார். வாசலோடு திரும்பிப் போகாமல் நம் எதிர் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார். அவர் உட்கார்ந்தால் நான் என்ன செய்வது, வண்டியும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எப்போதுமே அப்படித்தான், அவர் சைக்கிள் ஊர் எல்லை தாண்டுகிறவரை நிறுத்த மாட்டேன். சில நாள் நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்கிறவரைகூட ஓடியிருக்கிறது. அன்றைக்கு அவர் பாதி டீ குடிப்பதற்குள் ஒரு பெரிய வெடி. வண்டி நின்றது. அமிர்தம் உதைக்கிறாள், உதைக்கிறாள், ஒன்றும் இல்லை. அவர் டீயை வைத்துவிட்டு எழுந்து வந்து, "பாய், நானும் ஒரு கை பிடிக்கட்டுமா?" என்று கொல்லைப் பக்கம் பார்த்துச் சத்தம் போட்டார். பதில் வராதென்று தெரிந்துதான் அப்படிக் கேட்டார், மச்சான். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். இன்றைக்கு நோட்டீஸ் வந்தது. தீபாவளி கழித்து நன்னிலம் தாலுகா ஆபீசில் விசாரணை. குத்தகைதாரர் நேரில் வர வேண்டும்.

ஆத்திரத்தில் நான் வண்டியின் முன்னால் போய் உட்கார்ந்தேன். அமிர்தத்தைக் கிக்கரை உதைக்காமல் மெதுவாக அழுத்தச் சொன்னேன். கார்புரேட்டர் வாயில் காதை வைத்தேன், ஒன்றும் கேட்கவில்லை. சைலன்சர் வாயில் வைத்தேன். புஸ்ஸென்று பாம்பு சீறுகிறது. அழுத்த அழுத்த அந்தப் பக்கமாகத்தான் காற்று ஓடுகிறது. புகை போகிற பக்கத்து வால்வு மூடவில்லை. அதனால்தான் உதையில் கனம் இல்லை. அமிர்தத்தின் கால் பொய் சொல்லவில்லை.

நீங்கள் இருபத்தைந்து வருஷம் மெக்கானிக். இது உங்களுக்கு என் முதல் கடிதத்தில் தெரியாமல் போயிருந்தாலும் இரண்டாவதிலாவது தெரிந்திருக்கும். ஆனாலும் கார்புரேட்டர், கார்புரேட்டர் என்றே எழுதுகிறீர்கள். எனக்கு இப்போது புரிகிறது. கார்புரேட்டரைத் தபாலில் சரிபண்ணலாம். வால்வு என்றால் எஞ்சின் ஹெட்டைக் கழற்ற ஆள் வர வேண்டும்.

விசாரணைக்கு வாருங்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

நாற்றுப் பறித்து நடவு நடக்கிறது. துரைராசு வரப்பில் வந்து நின்று, நாற்று நிரை கோணலாகப் போகிறது என்று ஒரு பெண்ணை அதட்டினாராம். அவளுக்குச் சுருக்கென்றதாம்.

கமருன்னிஸா

*

குவைத்,
30-9-1974

அன்புள்ள கமருவுக்கு,

நோன்பு திறந்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன்.

லுஹர் வரை ஓட விட்டேன் என்று எழுதியதைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டேன். அது ஓடும்போது எதிர்க்காற்றுப் பட்டு ஆறுகிற எஞ்சின், கமரு. நின்ற இடத்தில் ஓடினால் அதற்கு மூச்சே கிடையாது. தன் சூட்டில் தானே வேகும். புகை வால்வுதான் முதலில் கருகும். ஓட்டிக்கொண்டு போவதற்குச் செய்த வண்டி. நிற்க வைத்து ஓட்டச் சொன்னது நான்தான். எவ்வளவு நேரம் என்று சொல்லாமல் வந்துவிட்டேன்.

ஒன்று செய்து பார். வண்டி ஆறிக் கிடக்கும்போது, எஞ்சின் பக்கவாட்டில் உள்ள சின்னக் கதவைத் திற. உள்ளே நின்றவாக்கில் இரண்டு கம்பி இருக்கும். விரலால் உருட்டினால் உருள வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. உருளாமல் இறுகியிருந்தால் வால்வைத் தூக்கியே பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அடியில் உள்ள நட்டைத் தளர்த்தி, உருளுகிற அளவுக்கு இறக்கு. இறக்கியும் சீறினால் வால்வு விளிம்பு தின்றுபோய்விட்டது. அதற்கு மேல் ஹெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

விசாரணைக்கு ஒரு வழி யோசித்தேன். மருமகன் மீரா உசேன் என் உயரம்தான். தொப்பியும் தாடியுமாக நின்றால் அந்த அதிகாரிக்கு என்ன தெரியும்? துரைராசும் என்னைக் கிட்டத்தில் பார்த்து வருஷக்கணக்காகிறது. ஜெய்னுலாபுதீன் என்று கூப்பிட்டால் அவர் 'ஆஜர்' என்று சொல்லட்டும். அந்த ஒரு நாள் போதும்.

நான் வரவில்லை, கமரு. புது அக்ரிமெண்டில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். என்னைத் திட்டு. இங்கே என்னை உஸ்தாத் என்கிறார்கள். லாரி முதலாளி அரபிகூட என் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கிறான். அங்கே துரைராசைக் கண்டால் தோள் துண்டை இறக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். சட்டம் மாறிவிட்டது என்கிறாய். என் தோளுக்கு அது இன்னும் தெரியவில்லை.

பெருநாளைக்கு நூர்ஜஹானுக்கும் உனக்கும் துணி அனுப்பியிருக்கிறேன்.

ஜெய்னுலாபுதீன்

*

786

கீழ அரசவனம்,
17-1-1975

ஜெய்னுலாபுதீன் மச்சான் அவர்களுக்கு, கமருன்னிஸா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் சுகம். துணி வந்தது, நூர்ஜஹானுக்குப் பிடித்தது. என்னுடையதை இன்னும் பிரிக்கவில்லை. நடுவில் நீங்கள் எழுதிய மூன்று கடிதத்துக்கும் பதில் போடவில்லை. உத்தரவு கைக்கு வரட்டும் என்று இருந்தேன். நேற்று வந்தது.

மருமகனிடம் நீங்கள் சொன்னதைச் சொன்னேன். நல்ல பிள்ளை, சரி என்றுதான் தலையாட்டினார். நூர்ஜஹான்தான் குதித்தாள். "அத்தா உசிரோட இருக்கறப்ப இன்னொருத்தர் அத்தாவா போய் நிக்கிறதா? அப்புறம் அத்தா வந்தா அவங்க யாரா நிப்பாங்க?" என்று கேட்டாள்.

அதனால் நானே போனேன். அமிர்தத்தோடு பஸ் ஏறி, நன்னிலத்தில் இறங்கி, தாலுகா ஆபீஸ் வரை தலைத்துணியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே நடந்தேன். அந்நிய ஆம்பிளைகள் முன்னால் இதற்கு முன் நின்றதில்லை. பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து நின்றேன். துரைராசு என்னை யாரோ என்று பார்த்தார். பேசிய பிறகுதான் குரலை வைத்துக் கண்டுபிடித்தார்.

அதிகாரி சின்ன வயசுதான். "குத்தகைதாரர் எங்கேம்மா?" என்றார்.

"குவைத்துல இருக்காங்க."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷத்துக்கு மேல."

துரைராசு எழுந்துவிட்டார். "அப்ப வாராவாரம் கொல்லையில வண்டி ஓட்டினது யாரு?"

"அமிர்தம் உதைப்பா. நான் முறுக்குவேன்."

கட்சிக்காரர், வக்கீல், ஊர்க் கணக்கெழுதும் கர்ணம் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அதிகாரியும் கோப்பைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். துரைராசு மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு வருஷம் ஒரு சத்தத்துக்கு மரியாதை கொடுத்துத் திரும்பிப் போயிருக்கிறார், பாவம்.

"அப்ப நிலத்துல பாடுபடுறது யாரும்மா?" என்றார் அதிகாரி.

இங்கேதான் தலைத்துணியை மறுபடி இழுத்து விட்டுக்கொண்டேன், மச்சான். வண்டிக் கதையைச் சொல்வது சுலபமாக இருந்தது. இதை உங்களுக்குக்கூட எழுதியதில்லை. விரல் கொப்புளித்தது நெல் குத்தியதால் இல்லை, வரப்பு வெட்டியதால். ஆள் வைத்து நடக் கூலி கட்டுப்படியாகவில்லை என்று நீங்கள் ரயிலேறிப் போன வருஷமே வயலில் இறங்கிவிட்டேன். விடியுமுன் அமிர்தத்தோடு போய், வெளிச்சம் வருவதற்குள் கால் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிடுவேன். ராவுத்தர் வீட்டுப் பெண் சேற்றில் நின்றாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதில் எனக்கு அவ்வளவு வீம்பு. வீட்டில் ஆம்பிளை இல்லாததை மறைக்க வண்டி ஓட்டினேன். வயலில் நான் இருந்ததையும் மறைத்தேன். இரண்டையும் சேர்த்து மறைத்தால் மிச்சம் என்ன இருக்கும்? யாருமே பாடுபடாத நிலமாகக் காகிதத்தில் கிடந்தது.

"நான்தான்" என்றேன். எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.

துரைராசு, "பொய்யிங்க. கோஷா வீட்டுப் பொம்பளை, வயலு எந்தத் திசைன்னு தெரியாது. இந்த மூஞ்சியவே இன்னைக்குத்தாங்க பார்க்கிறேன்" என்றார்.

அமிர்தம் பின்னாலிருந்து வந்தாள். விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரி, இந்த மாதிரி இடம் அவளுக்குப் புதிதில்லை. "மூஞ்சியத்தானே பார்க்கல ஏஜெண்டய்யா? முதுகப் பார்த்திருக்கீங்க. இந்த நடவுல ஒருநா பொழுது விடிஞ்சு போச்சு. வரப்புல நின்னு, 'கடைசி நிரை கோணப் போவுது, யாருடி அவ'ன்னு அதட்டுனீங்களே, ஞாவகம் இருக்கா? குனிஞ்சவாக்குல இருந்துச்சே ஒரு பச்சைச் சீலை, அது இவங்கதான். நடவு நட்டது இவங்கதான்னு நீங்களே சாட்சி."

அவர் வாயைத் திறந்தார், மூடினார். "அதட்டினேன்" என்று சொன்னாலும் அவருக்கு ஆபத்து, "அதட்டல" என்று சொல்லவும் வழியில்லை, அன்றைக்குக் கேட்ட ஊர்க்காரர்கள் பக்கத்திலேயே நிற்கிறார்கள். கடைசியில், "கோணலாத்தானேம்மா இருந்துச்சு" என்றார். அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

என் நிரை கோணல் இல்லை, மச்சான். நூல் பிடித்த மாதிரி இருந்தது. கோணல் அமிர்தத்தினுடையது.

பிறகு அதிகாரி புத்தகத்தைத் திருப்பி ஒரு வரி படித்தார். குத்தகைதாரரோ அவர் குடும்பத்தாரில் ஒருவரோ உடம்பால் பாடுபட்டால் போதுமாம். பெண்சாதியும் குடும்பத்தார்தான். "இதை யாரும் உங்களுக்குச் சொல்லலையா?" என்று கேட்டார். யார் சொல்வது? நீங்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இருக்கிற பெட்ரோலையெல்லாம் ஊற்றிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தோம்.

பிறகு கர்ணத்தோடு வந்து வயலைப் பார்த்தார்கள், அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். நேற்று வந்த உத்தரவில், கமருன்னிஸா, கணவர் ஜெய்னுலாபுதீன், சாகுபடி செய்யும் குத்தகைதாரர் என்று இருக்கிறது. என் பெயர் முதலில். அமிர்தத்துக்கு வாசித்துக் காட்டினேன். அவள், "இனிமே நான் உதைக்க வேணாமா?" என்றாள், கொஞ்சம் ஏக்கமாகவே.

துண்டை இறக்க வேண்டியிருக்கும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு இறக்கத் துண்டு இல்லை, இருந்த தலைத்துணியும் தானாக நழுவியது. நின்றுதான் பார்த்தேன். கேட்டார்கள், சொன்னேன், அவ்வளவுதான்.

இப்போது வண்டி. ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை என்றானதும் திருவாரூரிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தேன். அதற்கு முன்னால் நீங்கள் எழுதியபடி அந்தக் கம்பியை நானே உருட்டிப் பார்த்தேன். இறுகித்தான் இருந்தது. இறக்கினேன், இரண்டு நாள் நன்றாக ஓடியது, மூன்றாம் நாள் மறுபடி சீறியது. அவர் ஹெட்டைக் கழற்றி வால்வை எடுத்து என் கையில் வைத்தார். விளிம்பில் ஒரு பக்கம் ஆடு கடித்த வெற்றிலை மாதிரி தின்றுபோயிருக்கிறது. புது வால்வு போட்டு, பசை தடவித் தேய்த்து, சீட்டில் உட்கார வைத்துவிட்டுப் போனார். உதை பழையபடி எதிர்க்கிறது. மருமகன் வந்தால் ஓட்டுகிறார். திருவாரூர் வரை பேரனை முன்னால் வைத்துக்கொண்டு போய் வந்தார்கள். நிற்க வைத்து யாரும் ஓட்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

கருகின வால்வைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். இந்த மாதம் நம் தெருவிலிருந்து ஜெக்கரியா குவைத்துக்குப் புறப்படுகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் மேஜையில் வைத்துக்கொள்ளுங்கள். உஸ்தாத் பார்க்க வேண்டிய பொருள்.

போன வியாழக்கிழமையும் துரைராசு வந்தார். பழக்கத்தில், "பாய்" என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பிறகு, "அம்மா இருக்காங்களா?" என்றார். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துதான் பேசினேன். கதிர் தலை சாய்ந்துவிட்டது, தை கடைசியில் அறுப்பு.

உங்கள் கடிதம் மூன்றிலும் ஒரே விசாரிப்பு. வண்டி எப்படி, சத்தம் எப்படி, ஜெட் அடைக்கிறதா. வண்டிக்கு ஒன்றும் இல்லை. இனி அதைப் பற்றி எழுத நமக்கு ஒன்றும் இல்லை. அதனால் மற்றதை எழுதுங்கள். வருவதானால் வருகிறேன் என்று எழுதுங்கள், ஸ்டேஷனுக்கு வண்டியோடு ஆள் அனுப்புகிறேன். வராவிட்டால் வரவில்லை என்று நேராக எழுதுங்கள், அதையும் நின்று படித்துவிடுவேன். கார்புரேட்டர் என்று மட்டும் எழுதாதீர்கள்.

கமருன்னிஸா